அரை மூச்சுக்கு அனுமதி

கடை மூடிக் கிடப்பதை முதலில் பார்த்தவள் அண்ணி. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு காலில் செருப்பும் மறுகால் வெறுங்காலுமாக வாசற்கதவருகே கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏய், இங்க வா. உன் கடைக்குப் பூட்டுப் போட்டுட்டானுங்க.”

தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு அவள் ஈரக் கையோடு வந்தாள். முந்தின நாள்வரை முந்நூற்றுப் பதினெட்டுப் பாடல்களின் பட்டியல் இருந்த இணையப் பக்கத்தில், இப்போது சாம்பல் நிறத்தில் ஓர் அறிவிப்பு. கடைக்குப் பணம் வசூலித்துத் தரும் நிறுவனம் போட்டது. இந்தத் தொகுப்பில் உள்ள குரல் வேறொருவருடையது என்று புகார்கள் வந்துள்ளன. குரலின் உரிமையாளரிடமிருந்து எழுத்துமூல அனுமதியோ, குரல் தங்களுடையதே என்று இசைத்துறையைச் சேர்ந்த ஒருவர் தரும் சான்றோ ஏழு நாட்களுக்குள் வரவேண்டும். தவறினால் கடை நிரந்தரமாக மூடப்படும், விற்ற பாடல்கள் வாங்கியவர்களிடமிருந்து திரும்பப் பெறப்படும்.

அவள் இரண்டு முறை படித்தாள். “குரலின் உரிமையாளர்னா யாரு அண்ணி?”

“அதைத்தான் உன்கிட்ட கேக்குறாங்க.”

“அப்ப என் தொண்டையில நான் என்ன வாடகைக்கா குடியிருக்கேன்?”

அண்ணி சிரிக்கவில்லை. போட்டிருந்த ஒரு செருப்பையும் கழற்றிவிட்டு, அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொன்னாள்.

கடைக்குச் சொந்தக்காரிக்கு நாற்பத்து நான்கு வயது. ஒலிப்பதிவுக் கூடங்களில் ‘ட்ராக்கம்மா’ என்றால்தான் தெரியும். படப் பாட்டுக்குப் பெரிய பாடகர்கள் வருவதற்கு முன்னால், அவர்கள் கேட்டுப் பழகுவதற்காக ஒருவர் அந்தப் பாட்டை முழுவதும் பாடிவைப்பார். அதற்குப் பெயர் ட்ராக். எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும், எந்த எழுத்தில் குரல் உடைய வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். பெரிய பாடகர் காதில் அதைக் கேட்டபடியே பாடுவார். பாடி முடித்ததும் ட்ராக் குரலை அழித்துவிடுவார்கள். யார் ட்ராக் பாடியது என்று யாரும் வெளியே சொல்வதில்லை, பாடியவரும் சொல்லிக்கொள்வதில்லை. எங்கும் எழுதிவைத்த விதி இல்லை. ஆனால் மீறியவர்களுக்கு மறுபடி அழைப்பு வந்ததாகச் சரித்திரம் இல்லை. இருபத்திரண்டு வருடங்களில் ஆயிரத்துச் சொச்சம் பாட்டு அவள் அப்படிப் பாடியிருக்கிறாள். அதில் ஒரு வரிகூட உலகத்தில் இப்போது இல்லை.

வீட்டில் பாடியது வேறு. மாடிவீட்டுத் தையல் மெஷின் பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை ஓயும். அந்த நேரத்தில், தன் சின்ன அறையின் துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தி, தலையை உள்ளே நீட்டிப் பாடுவாள். வார்த்தையும் மெட்டும் அவளுடையவை. வாசிப்பதும் அவளே. நின்றுபோன மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்ட மூன்று பேரைப் பற்றி ஒரு பாட்டு. ஆஸ்பத்திரியில் தன் எண்ணைக் கூப்பிடுவதற்குள் கழிப்பறைக்குப் போய்விட்டு வரலாமா என்று தவிப்பவனைப் பற்றி ஒன்று. போனை எடுக்காத மகளுக்கு ஒன்று. பத்தொன்பது வருடங்களில் முந்நூற்றுப் பதினெட்டு. மின்தூக்கியில் மாட்டிக்கொண்டவர்கள் நாற்பதாவது பாட்டில் உள்ளே போகிறார்கள். இருநூற்றுப் பத்தாவது பாட்டில்தான் வெளியே வருகிறார்கள். அதனால் தொகுப்பை உடைத்து விற்க அவள் ஒப்பவில்லை. ஒரு பாட்டு நிறுவனம் நல்லதாகப் பத்து பொறுக்கித் தரச் சொன்னபோது, “அப்ப மிச்சம் முந்நூத்தி எட்டும் கெட்டுப்போனதா?” என்று கேட்டுவிட்டு வந்தாள். அண்ணிதான், “நீயே கடை போடு, நான் கட்டித் தரேன்” என்றாள். தண்ணீர் வாரிய அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்ப்பவள். கணினி என்றால் பயம் கிடையாது. மனிதர்கள் என்றாலும் கிடையாது.

முதல் மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. இருநூறு பேருக்கு மேல் வாங்கினார்கள். பேருந்து ஓட்டும் ஒரு பெண், வரிசை தவறாமல் கேட்டுவருவதாகவும், தொண்ணூறாவது பாட்டில் இருப்பதாகவும், மின்தூக்கிக்காரர்கள் பிழைப்பார்களா என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். அதை அவள் அச்செடுத்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தாள்.

பிறகு யாரோ ஒருவர் எழுதினார்: இது மேடத்தின் குரல்.

மேடம் என்றால் ஒருவர்தான். பதினாறு வருடங்களாகப் பெரிய படங்களில் எல்லாம் பாடும் பாடகி. பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. பெற்ற அம்மாவே மேடம் என்றுதான் கூப்பிடுவதாகக் கூடத்தில் கேலி உண்டு. அந்த மேடத்தின் குரலை யாரோ கணினிக்குள் போட்டு அரைத்து எடுத்துப் பாட்டாக விற்கிறார்கள் என்றது அந்தக் குறிப்பு. மனிதப் பிறவி எங்காவது முந்நூறு பாட்டை ஒரே நாளில் வெளியிட முடியுமா என்றும் கேட்டது. அடுத்தநாள் அதற்குக் கீழே நானூறு பேர். திருட்டு என்றார்கள், வெட்கம் இல்லையா என்றார்கள். பாட்டைக் கேட்டவர்கள் அதில் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

ஒரு ரசிகர் கட்டுரையே எழுதியிருந்தார். அதைத்தான் அண்ணி இப்போது மேசையில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். “‘மேடத்தின் தனி முத்திரை அந்த அரை மூச்சு. வரி முடிந்து எல்லோரும் எடுக்கும் மூச்சு அல்ல. சொல்லின் நடுவே, ஏதோ நினைவு வந்து தயங்கியது போல் ஒரு அரை மூச்சு. அது அவர் ஆன்மாவிலிருந்து வருவது. அதையும் விட்டுவைக்காமல் திருடியிருக்கிறார்கள்.’ என்னடி இது அரை மூச்சு?”

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வயிறு எரிந்தது.

“அது மூச்சு இல்ல அண்ணி. நான் பக்கம் திருப்புறது.”

“புரியிற மாதிரி சொல்லு.”

அவள் எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்து வந்தாள். உள்ளே உள்ளங்கை அளவுச் சுருள் நோட்டுகள், நூற்றுக்கு மேல். பெரிய தாளில் வரிகளை எழுதிப் பிடித்தால் அது சரசரக்கும், மைக்கில் விழும். ஒரு கை எப்போதும் காதில் மாட்டிய ஹெட்போனை அழுத்திக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு பாட்டையும் கையடக்க நோட்டில் தன் கையாலேயே எழுதிக்கொள்வாள். சின்னப் பக்கம், இடம் போதாமல் சொல் பாதியில் உடைந்து அடுத்த பக்கத்துக்குப் போகும். சத்தம் வராமல் கட்டைவிரலால் மெதுவாகத் திருப்ப வேண்டும். திருப்பி முடிவதற்குள் மிச்ச எழுத்துகள் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் அரை மூச்சு எடுத்துச் சமாளிப்பாள். வருடக்கணக்கில் செய்து செய்து, மனப்பாடமாகப் பாடும்போதும் அது ஒட்டிக்கொண்டது.

அண்ணி ஒரு நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தில் இருந்த பாட்டு, மேடத்துக்குப் பெரிய பரிசு வாங்கித் தந்த பாட்டு. கைபேசியில் அதை ஓடவிட்டு, விரலால் நோட்டின் வரிகளைத் தொடர்ந்தாள். முதல் பக்கம் முடியும் இடம் வந்தது. மேடம் சொல்லின் நடுவே அரை மூச்சு எடுத்தாள். அண்ணி பக்கத்தைத் திருப்பினாள். இரண்டாம் பக்கம் முடிந்தது. அரை மூச்சு. மூன்றாவதும் அப்படியே. வேறொரு நோட்டு, வேறொரு பாட்டு. பக்கம் முடிந்தால் மூச்சு.

அண்ணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். “அடிப்பாவி! நீ பக்கத்தைத் திருப்புறதுக்கு அந்தம்மா மூச்சு வாங்கியிருக்கு! பதினாறு வருஷமா!”

“கேட்டா ஆன்மாங்குறாங்க.”

“உன் நோட்டு இன்னும் கொஞ்சம் பெருசா இருந்திருந்தா அந்தம்மாவுக்கு ஆன்மாவே இருந்திருக்காது.”

அன்று பகலிலேயே அண்ணி அவளைச் சமையல் மேடை ஓரமாக நிறுத்தி, ஒரு பாட்டைப் பாடச் சொல்லிப் படம் பிடித்துப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. முகமும் கணினி செய்ததுதான், காதோரம் பாருங்கள் மங்கலாக இருக்கிறது என்றார் ஒருவர். காதோரம் மங்கலாக இருந்தது குழம்பு கொதித்த ஆவி. இன்னொருவர், பாடுவது உண்மைதான், ஆனால் நல்ல மிமிக்ரி, மேடையில் போனால் பிழைத்துக்கொள்வார் என்று வாழ்த்தியிருந்தார். அந்த வாழ்த்தைப் படித்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திட்டியவனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் நோட்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இசையமைப்பாளரைப் பார்க்கப் போனாள். அவரைக் கூடத்தில் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவளுடைய ட்ராக்குகளில் பாதிக்கு மேல் அவருக்குப் பாடியவை. அறையில் குளிர்சாதனம் பல்லைக் கிட்டவைத்தது. சுவர் முழுக்கப் பரிசுக் கேடயங்கள், தூசி தட்டாமல்.

“என்னம்மா, சொல்லாம கொள்ளாம வந்திருக்க?”

சொன்னாள். நோட்டைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பாட்டைத் தாமே முனகிப் பார்த்துப் பக்கம் திருப்பினார். முகம் மலர்ந்துவிட்டது. “அட! அட அட! இது எனக்கே தெரியாதே!” என்று தொடையைத் தட்டினார். அந்த ஒரு நிமிடம் அவளுக்கு வேலை முடிந்தது போலத்தான் இருந்தது.

பிறகு நோட்டை மூடி, இரண்டு கையாலும் அவளிடமே நீட்டினார். “இதை வெளிய யார்கிட்டயும் காட்டிடாதம்மா.”

“ரெண்டு வரி எழுதிக் குடுங்க சார், போதும்.”

“ட்ராக் பாடுனவங்க வெளிய சொல்லிக்கிறது இல்லம்மா. உனக்குத் தெரியாததா?”

“ட்ராக் பத்தி எழுதச் சொல்லல சார். என் குரல் என்னோடதுன்னு எழுதச் சொல்றேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்மா.” அவர் குரலைத் தாழ்த்தினார். “உன் குரல் உன்னோடதுன்னு நான் எழுதுனா, மேடம் பாட்டுல கேக்குறது யாரோடதுன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். நாளன்னிக்கு என்கிட்டயே வருவான். நீ ஒண்ணும் கவலைப்படாத. நான் மேடம்கிட்ட பேசுறேன். தங்கமான மனசு.”

வெளியே நடைவழியில் ஒலிப்பொறியாளர் நின்றிருந்தார். பட்டன் அண்ணன் என்று பேர். இருபது வருடம் அவள் குரலைப் பதிந்து, இருபது வருடம் அதை அழித்தவர். அவரிடமும் கேட்டாள். அவர் தண்ணீர்க் கேனையே பார்த்துக்கொண்டு, “எனக்கு ரெண்டு பொண்ணு ட்ராக்கம்மா” என்றார். அதற்கு மேல் அவரை வற்புறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. பேருந்தில் வரும்போது அதற்காகவும் தன் மேலேயே கோபம் வந்தது.

ஐந்தாம் நாள் மேடத்தின் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் கடிதம் வந்தது. நல்ல தாள் அமைப்பு, மேலே பொன்னிறத்தில் ஒரு சின்னம், கீழே மேடத்தின் கையெழுத்து. அண்ணி உணவு இடைவேளையில் வீட்டுக்கு வந்து, நின்றபடியே படித்தாள்.

“‘எங்கள் பாடகியின் பாடும் பாணியையும், அவருக்கே உரிய மூச்சு முறையையும், மேற்படி தொகுப்பில் பயன்படுத்திக்கொள்ள மகிழ்வுடன் அனுமதிக்கிறோம். வளரும் கலைஞர்களை ஊக்குவிப்பதில்…’ வளரும் கலைஞரா? உனக்கும் எனக்கும் மூட்டு வலிக்குது, நீ இன்னும் வளர்றியாம்.”

அவள் சோற்றைத் தட்டில் போட்டு அண்ணி முன்னால் வைத்தாள்.

அண்ணி உட்கார்ந்தாள். “சரி, கேளு. பதினாலு வருஷமா புகார்ப் பிரிவுல இருக்கேன். காகிதம் கேட்டா காகிதம் குடுக்கணும். அதுல என்ன எழுதியிருக்குன்னு எவனும் பாக்க மாட்டான். இதை அனுப்பிடு. சாயங்காலமே கடை திறந்துரும். கோபத்தை அப்புறம் வச்சுக்கலாம், அது எங்கயும் ஓடிடாது.”

“இதை அனுப்புனா, முந்நூத்திப் பதினெட்டும் நான் அந்தம்மாகிட்ட இரவல் வாங்கிப் பாடுனதுன்னு ஆயிடும் அண்ணி.”

“யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். நாளைக்கு இன்னொரு லெட்டர் போட்டு அனுமதியைத் திருப்பி வாங்கிக்கிட்டா? நான் மூச்சு விடுறதை நிறுத்தணுமா?”

அண்ணி கடிதத்தை இன்னொரு முறை மேலிருந்து படித்தாள். ஒரு சொல்லில் நின்றாள். “மகிழ்வுடனாம்,” என்றாள். பற்களைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். “மகிழ்வுடன்!” கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாப்பிடாமலே வேலைக்குத் திரும்பிப் போனாள்.

ஆறாம் நாள் மாஸ்டரின் கூடத்தில் அவளுக்கு ஒரு ட்ராக் இருந்தது, போன மாதமே ஒப்புக்கொண்டது. போகாதே என்று அண்ணி சொன்னாள். ஒப்புக்கொண்ட வேலை என்று அவள் போனாள். பகல் பன்னிரண்டுக்கு அவள் பாட வேண்டும்; இரண்டு மணிக்கு மேடம் வந்து பாட வேண்டும்; நாலு மணிக்கு மேடம் விமானத்துக்குக் கிளம்பியாக வேண்டும், திரும்ப மூன்று வாரம் ஆகும். அதற்குள் படமே வெளியாகிவிடும்.

“பட்டன் அண்ணே, வரியைப் பெரிய தாள்ல அச்செடுத்துக் குடுங்க. எழுத்து பெருசா.”

“நோட்டு எங்க?”

“கொண்டுவரல.”

தாளைத் தாங்கியில் கிளிப் போட்டு மாட்டினாள். பாட்டு முழுவதும் ஒரே தாளில் கண்முன் விரிந்திருந்தது. மெட்டுப் போட்டுக் கொடுத்த குறிப்பில் என்ன இருந்ததோ அதை மட்டும் பாடினாள். சுரம் பிசகவில்லை. தாளம் தப்பவில்லை. இழுக்கச் சொல்லாத இடத்தில் இழுக்கவில்லை. குரல் உடையவில்லை. மூச்சை வரி முடிந்த இடத்தில் முழுதாக எடுத்தாள். அப்படிப் பாடுவது அவளுக்கு எளிதாக இல்லை. ஒவ்வொரு வரியிலும் தொண்டை தானாக எங்கோ திரும்பப் பார்த்தது, பிடித்து இழுத்துவந்தாள். மாஸ்டர் உள்ளே இல்லை, வேறு அறையில் வயலின்காரர்களோடு இருந்தார். பட்டன் அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைச் சொறிந்தபடி பதிவை முடித்தார்.

இரண்டரைக்கு மேடம் பாட நின்றாள். ஹெட்போனில் ட்ராக்கைக் கேட்டாள். பாடினாள், நிறுத்தினாள். மறுபடி பாடினாள், நிறுத்தினாள். மூன்றாம் முறை நிறுத்தியபோது ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. “சார், இதுல மூச்சு எங்க?”

மாஸ்டர் ட்ராக்கைப் போடச் சொல்லிக் கேட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைக் கூப்பிட்டார். “என்னம்மா இது? ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்புச் சொல்ற மாதிரி பாடிவச்சிருக்க?”

“சுரம் சரியா இருக்கா சார்?”

“இருக்கு.”

“தாளம்?”

“இருக்கு, இருக்கு. வேற ஒண்ணும் இல்லையே!”

“வேற என்னது சார் எங்கிட்ட இருக்கு?”

மேடம் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நேரில் பார்த்தால் எப்போதும் கொஞ்சம் களைத்த முகம். “அக்கா, உடம்பு சரியில்லையா உங்களுக்கு?”

“நல்லா இருக்கேன் மேடம். உங்க லெட்டர் வந்துச்சு. மூச்சு உங்களுதுன்னு போட்டிருக்கு. தொகுப்புல எடுத்துக்கலாம்னு அனுமதி குடுத்திருக்கீங்க. ட்ராக்ல எடுக்கலாம்னு போடல. அதனால எடுக்கல. அடுத்தவங்க பொருளைத் தொடக் கூடாதில்ல?”

பட்டன் அண்ணனுக்கு இருமல் வந்தது.

“அது ஆபீஸ்ல எழுதினது அக்கா. நான் படிக்கக்கூட இல்ல.”

“கையெழுத்து உங்களோடதுதானே?”

மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு வேறு குரலில் கேட்டாள், “அந்த மூச்சு… அது எப்படி வரும் உங்களுக்கு? எதை நினைச்சுட்டு எடுப்பீங்க? நேரம் இருந்தா நான் உங்க ட்ராக்கை முதல் நாளே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, கண்ணை மூடிட்டு அதையே திரும்பத் திரும்பப் பழகுவேன். சில நாள் அழுதுருக்கேன்.”

“பக்கம் திருப்புறது மேடம்.”

“என்னது?”

“சின்ன நோட்டு. சொல்லு பாதியில முடிஞ்சிரும். திருப்புறவரைக்கும் சமாளிக்க எடுக்கிற மூச்சு.” அவள் பெரிய தாளைக் காட்டினாள். “இன்னைக்குத் திருப்ப வேண்டியிருக்கல.”

மேடம் உயர நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். முகத்தில் கோபமா, அவமானமா, இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருந்தன. “ஆன்மாவுல இருந்து வருதுன்னு பேட்டியில எல்லாம் சொல்லியிருக்கேனே,” என்றாள், யாரிடமோ சொல்வது போல. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு ஐம்பது. “சார், அக்கா கேக்குறதை எழுதிக் குடுங்க.” அது நல்ல மனதா, கடிகாரமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் மெனக்கெடவும் இல்லை.

மாஸ்டருக்கு முகம் கறுத்துவிட்டது. தம் அறைக்குப் போய்க் கடிதத்தாளில் எழுதினார். ‘இவர் என் ஒலிப்பதிவுகளில் சில சமயம் உதவியவர்.’

“சில சமயம் இல்ல சார். இருபத்திரெண்டு வருஷம்.”

கிழித்துவிட்டு இன்னொன்று எழுதினார். ‘பிரபல பாடகியின் பாணியை நன்கு அறிந்தவர்.’ அவள் அதைத் தொடக்கூட இல்லை. கைபேசியில் அண்ணியை அழைத்து, மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினாள். பின்னால் அண்ணியின் அலுவலகத்தில் யாரோ குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

“சார், வணக்கம். சுருக்கமா முடிச்சிரலாம், எனக்கும் கூட்டம் நிக்குது. எழுதிக்கோங்க. ‘இவரை இருபத்திரண்டு ஆண்டுகளாக எனக்குத் தெரியும். இந்தக் காலம் முழுவதும் என் பாடல்களுக்கு ட்ராக் பாடியவர் இவர். இந்தத் தொகுப்பில் கேட்கும் குரல் இவருடையதே. அந்த மூச்சு முறையும் இவருடையதே.’ முடிஞ்சுது. தேதி, கையெழுத்து, முத்திரை. உதவி, ஊக்கம், மகிழ்ச்சி எதுவும் வேண்டாம் சார்.”

“ட்ராக்னு போட்டே ஆகணுமாம்மா?” மாஸ்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “இத்தனை வருஷம் சோறு போட்ட இடம் இது.”

அதுவரை அடங்கியிருந்த குரல் அப்போதுதான் உயர்ந்தது. “நான் பாடுனதுக்குத்தான் சார் சோறு. இங்க யாரும் எனக்கு அன்னதானம் பண்ணல. என் குரலை அழிச்சீங்க, அது வேலைன்னு இருந்தேன். என் பேரைச் சொல்லல, சரி. இன்னைக்கு என் வீட்டுல, என் அலமாரிக்குள்ள தலையை விட்டு நான் பாடுனதையும் என்னோடது இல்லைங்குறாங்க. நீங்க ஒரு ஆளுதான் ‘இல்ல, அவளோடது’ன்னு சொல்ல முடியும். சொல்றதுக்கு உங்களுக்கு என்ன சார் செலவு?”

அவர் எழுதினார். முத்திரையைத் தேடி எடுத்துக் குத்தினார். மை காயும்வரை அவள் தாளை விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு உள்ளே போய், ஒப்புக்கொண்ட பாட்டை எப்போதும் பாடுவது போலவே பாடிக்கொடுத்தாள். நோட்டு இல்லை, மூச்சு தானாக வந்து விழுந்தது. மேடம் மூன்று ஐம்பதுக்குப் பாடி முடித்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியேறினாள். ட்ராக்கம்மாவுக்கு அந்தக் கூடத்திலிருந்து அதன் பிறகு அழைப்பு வரவில்லை. வராது என்று தெரிந்துதான் அவள் பேருந்தில் உட்கார்ந்திருந்தாள். கடிதம் மடங்காமல் இருக்க, பையை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தாள்.

கடிதத்தை அண்ணி ஏழாம் நாள் காலையில் அனுப்பினாள். எட்டாம் நாள் கடை திறந்தது. சாம்பல் அறிவிப்பு போய்ப் பட்டியல் பழையபடி வந்தது. தவறாக மூடியதற்கு ஒரு வார்த்தை வருத்தம் இல்லை. ‘தங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று மட்டும் இருந்தது.

“யார் பொறுமையா இருந்தா?” என்றாள் அவள்.

அண்ணி கடிதத்தின் படத்தையும் கடைப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி போட்டிருந்தாள். மத்தியானத்துக்குள் அதன் கீழே குறிப்புகள் வரத்தொடங்கின. திருட்டு என்றவர்களில் ஒருவர்கூடத் தம் சொல்லைத் திரும்பப் பெறவில்லை. சிலர் சத்தமில்லாமல் அழித்திருந்தார்கள். கட்டுரை எழுதிய ரசிகர் மட்டும் புதிதாக ஒன்று எழுதியிருந்தார். மேடம் நினைத்திருந்தால் வழக்குப் போட்டு இந்தக் கடையையே இல்லாமல் ஆக்கியிருக்கலாம், ஆனால் தாயுள்ளத்தோடு இந்தப் பெண்மணியை மன்னித்துவிட்டார், அதுதான் மேடம். அதை நூற்றுப் பன்னிரண்டு பேர் விரும்பியிருந்தார்கள்.

“குடு, நான் எழுதுறேன் இவனுக்கு,” என்று அண்ணி கையை முறுக்கினாள்.

“வேணாம். நானே எழுதுறேன்.”

கடை போட்ட நாளிலிருந்து அவள் எந்தக் குறிப்புக்கும் பதில் எழுதியதில்லை. விசைப்பலகையை எட்ட வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள்: ‘மன்னிக்க வேண்டியவள் நான். இன்னும் மன்னிக்கவில்லை.’

அண்ணி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “அந்த ‘இன்னும்’ எதுக்கு? நாளைக்கு மன்னிச்சிருவேன்னு நினைச்சுக்குவாங்க.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினாள்.